ஒளிஞ்ச சொல்தாவின் காகிதங்கள்

1

என் மாமியார் நியூசிலாந்துக்காரர்களை மன்னித்தது இந்த வருஷம்தான். அதுவரைக்கும் டிவியில் அவர்கள் கிரிக்கெட் ஆடினால் சேனலை மாற்றிவிடுவார். யாராவது முணுமுணுத்தால், "எங்கப்பாவத் தொலச்ச ஊரு. அவன் மட்டையத் தூக்கிக்கினு ஓடுறத நான் உக்காந்து பாக்கணுமா?" என்பார். ரிமோட்டை மடியில் வைத்துக்கொண்டால் அவ்வளவுதான், அன்றைக்குச் சீரியல்தான்.

மாமியாரின் அப்பா பெயர் முனுசாமி; கல்யாணத்துக்குப் பிறகும் மாமியார் அந்த அப்பா வீட்டிலேயேதான் இருக்கிறார். பிரெஞ்சுக்காரன் காலத்துச் சொல்தா. வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன்: எங்கள் புதுச்சேரியில் பிரெஞ்சுப் பட்டாளத்தில் வேலை பார்த்தவரைச் சொல்தா என்போம். அது வேலை மட்டுமில்லை, பட்டம். சொல்தா வீடு என்றால் கூடத்தில் மெடல் குத்திய போட்டோ இருக்கும், கல்யாணப் பேச்சில் ஒரு படி மேலே வைத்துப் பேசுவார்கள். என் பிறந்த வீடு மில் தொழிலாளி வீடு. சொல்தா வீட்டில் வாழ்க்கைப்படப் போகிறாய் என்று என் அம்மா முத்தியால்பேட்டை முழுக்கச் சொல்லிவிட்டு வந்தார். கல்யாணம் முடிந்து பெட்டியை இறக்கிய பிறகுதான் அக்கம்பக்கத்தில் அந்த வீட்டுக்கு இன்னொரு பெயர் இருப்பது தெரிந்தது. ஒளிஞ்ச சொல்தா வீடு.

கதை இதுதான். மாமியார் தவழ்ந்து எழுந்து நடக்கிற வயசில் முனுசாமி கப்பலேறினார். முதலில் சைகோன், பிறகு பிரான்ஸ். சண்டை ஆரம்பித்த பிறகு பிரெஞ்சில் ஒரு காகிதம் வந்தது. வீட்டில் யாருக்கும் பிரெஞ்சு தெரியாது. மேரியில், அதாவது நகராட்சி ஆபீசில், வேலை பார்த்த ஒருவரைக் கூப்பிட்டுப் படிக்கச் சொன்னார்கள். அதில் 'திஸ்பாரூ' என்று இருந்தது. 'ஸெலாந்து' என்றும் இருந்தது. அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, "ஸெலாந்துல மறைஞ்சிட்டாரு" என்றார்.

பாவம், தப்பாகச் சொல்லவில்லை. பிரெஞ்சுச் சொல்லுக்கு அதைவிடச் சரியான தமிழ் கிடையாது. ஆனால் கேட்டவர்கள் ஆளுக்கொரு மாதிரி கேட்டுக்கொண்டார்கள். மாமியாரின் அம்மா, செத்துப்போய்விட்டார் என்று மார்பில் அடித்துக்கொண்டார். அவருடைய கொழுந்தனார், காணாமல்தான் போயிருக்கிறார், வந்துவிடுவார் என்றார். எதிர்வீட்டில் இன்னொரு சொல்தா வீடு; அந்த வீட்டு ஆம்பளை மெடலோடு திரும்பி வந்தவர். அங்கே இருந்துதான் மூன்றாவது அர்த்தம் கிளம்பியது. மறைஞ்சிட்டாரு என்றால் ஒளிந்துகொண்டார். சண்டைக்குப் பயந்து எங்கேயோ ஓடி ஒளிந்துகொண்டார்.

மாமியாரின் அம்மா சாகிற வரைக்கும் தாலியைக் கழற்றவும் இல்லை, தலையில் பூ வைக்கவும் இல்லை. பள்ளிக்கூடத்தில் மாமியாரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்ட பிள்ளைகள் குறைவு. ஒளிஞ்ச சொல்தா மகள்தான்; எண்பத்தைந்து தாண்டியும் அந்தப் பெயர் போகவில்லை. செத்தாரா ஒளிந்தாரா, இதில் ஒன்று தெரிந்தால் போதும் எனக்கு என்று என்னிடமே எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார். ஸெலாந்து என்றால் நியூசிலாந்து என்றே எல்லாரும் எடுத்துக்கொண்டிருந்தார்கள்; அங்கே யார் போவது, யாரைக் கேட்பது? அந்தப் பேச்சு அங்கேயே நின்றுவிடும்.

2

நாங்கள் பிரான்சில் இருபது வருஷம் இருந்துவிட்டு நெதர்லாந்துக்கு வந்து நாலு வருஷம் ஆகிறது. தென்மேற்கு மூலை, நடந்தே பெல்ஜியத்துக்குப் போய்விடலாம். இவருக்கு வேலை எல்லைக்கு அந்தப் பக்கம், பிரெஞ்சிலேயே காலம் ஓடுகிறது. எனக்கு வேலை இங்கே ஒரு முதியோர் இல்லத்தில், துணி வெளுக்கிற பகுதியில். என் டச்சு முழுக்க அங்கே இருக்கும் கிழவிகளிடம் கற்றது. காலுறை, போர்வை, வலி, மழை, இவை பற்றி நன்றாகப் பேசுவேன். வரிக்காரன் அனுப்புகிற கடிதத்தை என் மகள் மீராதான் படிக்க வேண்டும். அவளுக்குப் பதினாறு வயசு. கனவே டச்சில்தான் காண்கிறாள் என்று அவளே சொல்கிறாள். தமிழில் அவளுக்கு நிகழ்காலம்தான் கொஞ்சம் ஒழுங்காக வரும்.

போன வருஷம் ஒருநாள் இவர் வேலையிலிருந்து வந்தவர் சட்டையைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"கலா, நாம இருக்கற இந்த ஜில்லாவுக்கு பிரெஞ்சுல என்னா பேரு தெரியுமா?"

"எனக்கு எப்படித் தெரியும்?"

"ஸெலாந்து. இன்னிக்கு கூட வேல செய்றவன் சொன்னான். நியூசிலாந்து இல்ல. வெறும் ஸெலாந்து. புதுசுன்னு ஒரு ஸெலாந்து இருந்தா பழசுன்னு ஒண்ணு இருக்கும்ல. அது இதுதான்."

சண்டையின் ஆரம்பத்தில் பிரெஞ்சுப் பட்டாளம் சில நாள் இந்தப் பக்கம் வந்து, ஜெர்மன்காரன் அடித்ததும் கிடைத்த படகில் ஏறிப் போனது. எங்கள் தெருமுனையிலேயே அதற்கு ஒரு கல் நட்டிருக்கிறார்கள். நாலு வருஷமாக நான் அதன் மேல்தான் சைக்கிளைச் சாய்த்துவிட்டு ரொட்டி வாங்கப் போகிறேன். மாமியார் உலக உருண்டையின் அந்தக் கோடியைத் திட்டிக்கொண்டிருந்தார். அவருடைய அப்பா எங்கள் ரொட்டிக்கடைப் பக்கம் நடந்திருக்கிறார்.

மே மாதத் தொடக்கத்தில் இந்த நாட்டில் ஒருநாள் மாலையில் எல்லாரும் அப்படியே நிற்பார்கள். போரில் இறந்தவர்களுக்காக இரண்டு நிமிஷ மௌனம். இந்த வருஷம் அந்த நாள் நெருங்கும்போது வீடு வீடாக இலவசமாகப் போடுகிற வாரப் பத்திரிகையில் ஒரு அறிவிப்பு வந்தது. ஊருக்கு வெளியே ஒரு சின்ன ராணுவப் பிரிவு இருக்கிறது. அவர்கள் ஒரு அறை நிறையச் சேர்த்து வைத்திருந்த போர்க்காலக் காகிதங்களை ஆவணக் காப்பகத்துக்கு அனுப்பப் போகிறார்களாம். அதற்கு முன்னால், சம்பந்தப்பட்ட குடும்பங்கள் வந்து நகல் வாங்கிக்கொள்ளலாம். மீரா படித்துச் சொன்னாள். இவர் அந்தப் பத்தியைக் கத்தரித்துச் சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்தார்.

3

ராணுவ வாசல் என்றதும் நான் பட்டுப்புடவை கட்டலாமா என்று யோசித்தேன். நல்லவேளை கட்டவில்லை. போனால் சின்னக் கட்டடம், வாசலில் சைக்கிள் நிறுத்துமிடம், உள்ளே காப்பி மெஷின். எங்களைக் கூப்பிட்டு உட்கார வைத்தது ஒரு பெண் சார்ஜென்ட். முப்பது வயசு இருக்கும். என்னைவிட ஒரு முழம் உயரம். காப்பியோடு ஒரே ஒரு பிஸ்கட் கொடுத்துவிட்டு டப்பாவை மூடினாள். நாலு வருஷமாகப் பார்க்கிறேன், இந்த ஊர்க்காரர்கள் டப்பாவை மூடுகிற வேகம் இன்னும் எனக்குப் பழகவில்லை.

"குடும்பப் பெயர்?" என்றாள்.

இவர் தன் பெயரைச் சொன்னார். அது இவருடைய அப்பா பெயர். தேடினாள், இல்லை. தாத்தா பெயர் முனுசாமி என்றோம். அப்படியானால் உங்கள் அம்மாவும் முனுசாமியா என்றாள். இல்லை, அம்மா கல்யாணத்துக்குப் பிறகு அவர் புருஷன் பெயர். புருஷன் குடும்பப் பெயரா? இல்லை, அவருக்கு அவருடைய அப்பா பெயர். மகளுக்கு? எங்கள் வீட்டுக்காரர் பெயர். சார்ஜென்ட் பேனாவைக் கீழே வைத்தாள்.

"உங்கள் வீட்டில் இரண்டு பேருக்கு ஒரே பெயர் கிடையவே கிடையாதா?"

"இருந்தா சண்டை வரும்" என்றேன். என் டச்சில் அது வேறு எப்படியோ வந்திருக்க வேண்டும். அவள் சிரிக்காமல் குறித்துக்கொண்டாள்.

உறவை நிரூபித்தால்தான் நகல். அடுத்த வாரம் மாமியாரின் பிறப்புச் சான்றிதழைப் புதுச்சேரியிலிருந்து வாட்ஸப்பில் வரவழைத்தோம். பிரெஞ்சில் இருந்ததால் மொழிபெயர்க்கச் சொன்னார்கள். மொழிபெயர்த்துக் கொண்டுபோனால் முத்திரை இல்லை என்றார்கள். முத்திரை வாங்கிப் போன நாளில் சார்ஜென்ட் லீவு. இதையெல்லாம் நம்ம ஊர் ஆபீசில் செய்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்டிருப்பேன். இங்கே 'நன்றி, நல்ல நாளாக அமையட்டும்' என்று சொல்லிவிட்டுச் சைக்கிளை எடுத்தேன். இருபத்துநாலு வருஷ வெளிநாட்டு வாழ்க்கையில் நான் கற்ற ஒரே மரியாதை இதுதான்.

கடைசியில் கிடைத்தது. பெயர்தான் ஆளை அலைக்கழித்தது. பிரெஞ்சுக்காரன் முனுசாமிக்கு நடுவில் இரண்டு எஸ் போடுவான். டச்சுக்காரன் காதில் விழுந்தபடி வேறு எழுத்து போட்டிருந்தான். சார்ஜென்ட் உரக்கப் படித்துப் பார்த்தபோதுதான் மூன்று பேருக்கும் புரிந்தது. அவள் எழுந்து நின்று இவருக்குக் கைகொடுத்தாள். பழுப்பு உறையில் தட்டச்சு செய்த மூன்று பக்கத்தின் நகல். சண்டை முடிந்ததும் அந்தப் பிரிவின் அதிகாரி ஒருவர் ஊர் ஊராகப் போய், நடந்ததைச் சனங்களிடம் கேட்டு எழுதிய காகிதங்களாம். எழுத்து பாதி மங்கியிருந்தது.

கார் நிறுத்துமிடத்திலேயே இவர் போன் கேமராவைக் காகிதத்துக்கு மேலே பிடித்தார். போன் தமிழில் துண்டு துண்டாகக் காட்டியது. படகு. பிரெஞ்சு வீரர். ஈரம். பிறகு ஒரு சொல், 'மூழ்கினார்'.

இவர் கண் கலங்கிவிட்டது. "முழுகிட்டாருடி. கடல்ல முழுகிட்டாரு."

"வீட்டுக்குப் போயி முழுசா படிச்சிட்டு சொல்லலாங்க."

"எண்பது வருஷமா காத்துக்கினு இருக்குது எங்கம்மா" என்று சொல்லிக்கொண்டே அழைப்பு போட்டுவிட்டார்.

4

மாமியார் போனை முகத்துக்கு ரொம்பப் பக்கத்தில் பிடிப்பார். எங்களுக்கு ஒரு கண்ணும் அரை மூக்கும்தான் தெரியும். இவர் சொல்லி முடித்தார். அந்தக் கண் அசையவில்லை.

"அப்ப ஒளியல" என்றார்.

"ஒளியலம்மா."

"போன வை. நான் வெளிய போவணும்."

வெளியே போய் என்ன செய்தார் என்பதை மறுநாள் அவரே சொன்னார். எதிர்வீட்டுப் படியில் போய் உட்கார்ந்து, அந்த வீட்டு கோவிந்தம்மாவைக் கூப்பிட்டு, "எங்கப்பா கடல்ல உயிர விட்டாரு. கவுர்மென்ட் காகிதம் வந்துடுச்சி" என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டாராம். கோவிந்தம்மா, மெடலோடு வந்த அந்தச் சொல்தாவின் பேத்தி. மாமியார் குரல் அன்றைக்கு அப்படிக் குளிர்ந்திருந்தது. டிவியில் நியூசிலாந்து ஆடினால் இனிமேல் பார்ப்பேன், அவன் பாவம் என்ன செய்தான் என்றார்.

அதோடு இரண்டு முடிவும் எடுத்துவிட்டார். ஒன்று, இந்த ஆடி அமாவாசைக்கு நாங்கள் மூவரும் வர வேண்டும். பேரன் கையால் எள்ளும் தண்ணியும் விட வேண்டும், வீட்டில் படையல் போட வேண்டும். இரண்டாவது, இனிமேல் மீன் கிடையாது. அப்பாவைக் கொண்டுபோன தண்ணியில் பிடித்ததை எப்படித் தின்பது என்றார். பெரிய மார்க்கெட்டில் மீன்காரிகள் கூடையை இறக்கும்போதே பெயர் சொல்லிக் கூப்பிடுகிற மனுஷி. வாரத்தில் ஐந்து நாள் மீன் இல்லாமல் சோறு இறங்காது.

இது நடந்து ஒரு வாரம் இருக்கும். சாப்பாட்டு மேஜையில் பழுப்பு உறை கிடந்தது. மீரா ஒரு கையால் பாஸ்தாவைக் கிண்டிக்கொண்டே அதை எடுத்துப் படித்தாள்.

"பப்பா, யாரு முழுகுறாங்க?"

"கொள்ளுத்தாத்தாடா."

"இல்ல. இது முழுகுறது இல்ல. இது ஒளியறது."

இவர் கையில் இருந்த தண்ணீர் டம்ளரை மேஜையில் வைத்தார். மீரா பாதி டச்சும் பாதி பிரெஞ்சுமாக விளக்கினாள். இந்த நாட்டில் போர்க்காலத்தில் ஜெர்மன்காரனுக்குத் தப்பி மறைந்து வாழ்ந்ததற்கு, 'தண்ணிக்கு அடியில் போவது' என்கிற சொல்லைத்தான் சொல்வார்கள். கடலைவிடத் தாழ்ந்த தரையில் குடியிருக்கிற சனம், ஒளிவது என்றால் அவர்களுக்கு முங்குவதுதான் ஞாபகம் வரும் போல. போன் பாவம் எழுத்துக்கு எழுத்து சொன்னது.

"எங்க ஸ்கூல்ல அவங்களப் பத்தித்தான் வருஷா வருஷம் படிக்கிறோம். ஒளிஞ்சவங்க, ஒளிச்சு வச்சவங்க. என் கிளாசுல ரெண்டு பேரு வீட்டுல அப்படி இருக்காங்க. ரொம்பப் பெருமை தெரியுமா? நான் நாளைக்கே டீச்சர்கிட்ட சொல்றேன்" என்றாள் அதே கலப்பு மொழியில்.

"யார்கிட்டயும் சொல்லக்கூடாது" என்றார் இவர்.

"ஏன்?"

ஏன் என்று அந்தப் பிள்ளைக்கு எந்த மொழியில் சொல்வது? முத்தியால்பேட்டையில் அந்தச் சொல் ஒரு கிழவியின் முதுகில் எண்பது வருஷமாக ஒட்டிக்கொண்டிருப்பதை, அதே சொல்லைச் சட்டையில் குத்திக்கொண்டு பள்ளிக்கூடம் போகத் துடிக்கிறவளுக்கு எப்படிப் புரிய வைப்பது? இவர் தமிழில் கத்தினார், அவள் டச்சில் கத்தினாள், நான் நடுவில் பிரெஞ்சில் இருவரையும் சாப்பிடச் சொன்னேன். அவள் தட்டை எடுத்துக்கொண்டு அறைக்குப் போய்விட்டாள். இந்தக் குழந்தை எங்களிடமிருந்து எவ்வளவு தூரம் போய்விட்டது என்று எனக்கு அன்றைக்கு உண்மையாகவே பயமாக இருந்தது.

மீதிப் பக்கங்களை அகராதி வைத்துக்கொண்டு நான் படித்தேன். புரியாத இடத்தை வேலை செய்யும் இடத்தில் ஒரு கிழவியிடம் கேட்டுக்கொண்டேன். ஒரு பண்ணை வீட்டம்மா சொன்ன வாக்குமூலம் அது. படகுகள் போன பிறகு ஒரு கறுத்த பிரெஞ்சு வீரன் நனைந்து வந்து அவர்கள் வாசலில் நின்றிருக்கிறான். சணல் மாதிரி ஒரு பயிர், அதை உலர்த்தும் கொட்டகையின் பரணில் அவனை ஒளித்து வைத்திருக்கிறார்கள். இரண்டாவது குளிர்காலத்தில் நெஞ்சில் சளி கட்டி அங்கேயே இறந்துவிட்டான். இன்னும் கொஞ்சம் இருந்தது. படித்துவிட்டு இவரிடம் போனேன்.

"அத்தகிட்ட சொல்லியே ஆகணுங்க."

"என்னான்னு சொல்லுவ? கோவிந்தம்மா வீட்டுல சொன்னதுதான் உண்மன்னா? இப்பதான் நிமிந்து நடக்குது எங்கம்மா. அப்படியே இருந்துட்டுப் போவட்டும்."

அதிலும் நியாயம் இருந்தது. எனக்கு வாதாடத் தெரியவில்லை. படையல் முடிகிற வரைக்கும் வாயைத் திறப்பதில்லை என்று ஒப்புக்கொண்டேன். ஆனாலும் காகிதங்களைக் கைப்பையில் எடுத்து வைத்துக்கொண்டுதான் விமானம் ஏறினேன்.

5

மாமியார் இளைத்துப் போயிருந்தார். ரவிக்கைக் கை தொளதொளவென்று தொங்கியது. வந்த அன்றே எனக்கும் மீராவுக்கும் வஞ்சிரம் வறுக்கச் சொல்லிவிட்டு, தான் மோர்ச்சாதத்தைப் பிசைந்துகொண்டு அடுக்களைப் பக்கம் திரும்பி உட்கார்ந்தார். பொய்யை நாங்கள் சொல்லிவிட்டு அவரைப் பட்டினி போடுகிறோமே என்று எனக்கு உடம்பு கூசியது. இவரைப் பார்த்தேன். இவர் முள் எடுத்துக்கொண்டிருந்தார்.

அமாவாசைக்கு முந்தின நாள் மீரா நோணாங்குப்பம் போய்ப் படகில் ஏற வேண்டும் என்றாள். வருவதற்கு முன்பே போனில் படம் பார்த்து வைத்திருந்தாள். மாமியார் ஒரே வார்த்தையில் முடியாது என்றுவிட்டார்.

"நம்ம வம்சத்துக்குத் தண்ணி ஆவாதுடி கண்ணு. கொள்ளுத்தாத்தாவக் குடுத்தாச்சி, அது போதும்."

மீரா என்னைப் பார்த்தாள். நான் வாசலில் காய்ந்த துணியை எடுக்கப் போய்விட்டேன். அவளுக்கு வெளியே சொல்லக்கூடாது என்று எச்சரிக்கை செய்திருந்தோம். அதற்கு மேல் அவளுடைய அரைகுறைத் தமிழே எங்களுக்குக் காவல் என்று நம்பியிருந்தோம்.

காலையில் இவர் கடற்கரையில் தர்ப்பணம் கொடுத்துவிட்டு ஈரவேட்டியோடு வந்தார். கூடத்தில் இலை போட்டோம். தலைவாழை இலை இரண்டு, முனுசாமிக்கு ஒன்று, மாமியாரின் அம்மாவுக்கு ஒன்று. பக்கத்தில் புது வேட்டி, புதுப் புடவை. வடை, பாயசம், வாழைக்காய், அகத்திக்கீரை எல்லாம் ஆயிற்று. கோவிந்தம்மாவை மாமியாரே போய்க் கூப்பிட்டிருந்தார். கூப்பிட்ட காரணம் எல்லாருக்கும் தெரியும். கோவிந்தம்மாவுக்கும் தெரியும். வந்து சுவரோரமாக உட்கார்ந்து, கொஞ்சம் இறங்கிய குரலில் மீராவிடம் கேட்டார்.

"அந்தக் கடலு ரொம்ப ஆழமாம்மா? தாத்தா முழுகினது?"

மீரா எங்கள் முகத்தைப் பார்க்கவில்லை. தமிழில் தேடித்தேடி, "இல்ல ஆயா. கொள்ளுத்தாத்தா மறைஞ்சாரு" என்றாள்.

எல்லாரும் தலையாட்டினார்கள். "ஆமாம்மா, மறைஞ்சாரு. பாவம்" என்றார் கோவிந்தம்மா. இவர் மூச்சு விட்டது எனக்குக் கேட்டது. அந்தச் சொல் அன்றைக்கு எங்களைக் காப்பாற்றிவிட்டது என்றுதான் நினைத்தேன். ஆனால் தான் சொன்னது புரியவில்லை என்பது மீராவுக்குத் தெரிந்துவிட்டது. நாக்கை மடித்து யோசித்தாள்.

"அப்படி இல்ல. ஒளிஞ்சாரு. கண்ணாமூச்சி மாதிரி. தண்ணி இல்ல, வீட்டுல. ரொம்ப நல்லா ஒளியறாரு. யாரும் புடிக்கல."

கோவிந்தம்மா மெதுவாக, "அப்ப ஒளிஞ்சது நெசந்தானா" என்றார். கேலியாகச் சொல்லவில்லை, வாய் தவறித்தான் வந்தது. இவர், "அம்மா, அது வந்து..." என்று ஆரம்பித்தார். மாமியார் கையைக் காட்டி நிறுத்தினார். பார்வை என்னிடம் வந்தது.

"கலா. நீ சொல்லு."

"நெசந்தான் அத்த."

அவர் இலையைப் பார்த்தார். புது வேட்டியின் மடிப்பை நேராக்கினார். பிறகு கோவிந்தம்மா பக்கம் திரும்பினார்.

"ஆமாடி, ஒளிஞ்சாருதான். சாவறதுக்கா போனாரு? சம்பாதிக்கத்தான போனாரு. வெள்ளைக்காரனுக்கும் வெள்ளைக்காரனுக்கும் சண்ட, அதுல எங்கப்பா ஏன் சாவணும்? புத்தி இருந்துச்சு, ஒளிஞ்சாரு."

மாமியார் என்னிடம் கேட்டார்.

"எத்தினி நாளு?"

"ரெண்டு வருஷம் கிட்ட. அப்புறம் காய்ச்ச வந்து..."

"சோறு யாரு போட்டா?"

நான் கைப்பையிலிருந்து காகிதங்களை எடுத்தேன். இவர் தடுக்கவில்லை. பண்ணை வீட்டம்மா சொன்னதை வரி வரியாகத் தமிழில் சொன்னேன். பெயர் சரியாக வாயில் நுழையாமல் அவர்கள் அவரைச் சாமி என்றே கூப்பிட்டார்களாம். மாட்டுக்கறி வைத்தால் தொடமாட்டாராம். முதலில் வயிற்று நோய் என்று நினைத்து, பிறகு புரிந்துகொண்டு அவருக்குத் தனியாகக் கிழங்கு வேகவைத்தாராம் அந்தம்மா. பாஷை கிடையாது. கையால்தான் பேச்சு.

"இத மட்டும் சரியா கேட்டுக்குங்க அத்த. 'அவர் அடிக்கடி கையைத் தரைக்கு மேல், முழங்கால் உயரத்தில் வைத்துக் காட்டுவார். ஊரில் குழந்தை இருக்கிறது என்று புரிந்தது. அடுத்த வருஷம் கையைக் கொஞ்சம் உயர்த்திக் காட்டினார்.'"

மாமியார் என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். படிக்கும்போது என்னை அறியாமல் நானும் கையைத் தரைக்கு மேல் பிடித்திருந்தேன். அவர் குனிந்து என் உள்ளங்கைக்குக் கீழே தன் தலையைக் கொண்டுவந்து வைத்தார். எண்பத்தைந்து வயசுக்கு மேலான மனுஷி. அப்புறம்தான் அழுதார். நாங்கள் யாரும் அவரை நிறுத்தவில்லை. மீரா போய் அவர் முதுகோடு ஒட்டிக்கொண்டு உட்கார்ந்தாள்.

கொஞ்ச நேரம் கழித்து மூக்கைச் சிந்திவிட்டுக் கேட்டார்.

"அந்தம்மா பேரு என்னா?"

டச்சில் எழுதியிருந்ததை நான் தடுமாறினேன். மீரா படித்தாள். "நீல்ச்சே."

"நீலாவா. நல்ல பேரு." புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். பீரோவைத் திறந்து, நான் பிரான்சிலிருந்து வாங்கிவந்து அவர் இன்னும் கட்டாத பூப்போட்ட புடவையை எடுத்தார். "கலா, இன்னொரு எல அறு."

கோவிந்தம்மா தயங்கித் தயங்கி, "ஏங்க, பொண்டாட்டிக்கு எல போட்ட எடத்துல அவளுக்குமா?" என்றார்.

"ஆமா. எங்கம்மா பக்கத்துலயே போடு. வயித்துல நெருப்பக் கட்டிக்கினு ஒண்ணும் தெரியாமயே செத்தா எங்கம்மா. நீலா பக்கத்துல உக்காந்து எல்லாத்தயும் சொல்லட்டும். இவ கேக்கட்டும்."

நான் இலையைக் கழுவிக் கொண்டுவந்து, மாமியாரின் அம்மா இலையை ஒட்டிப் போட்டேன். இவர் கற்பூரம் ஏற்றினார்.